குட்டி ரயிலுக்குக் குரல் கொடுக்கலாம்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்காக இந்தப் பாடம். மேஜை மேல் ஓடும் மாடல் ரயிலுக்கு, நிஜ ரயிலின் சத்தத்தைக் கம்ப்யூட்டர் மூலம் ஏற்றுவது எப்படி என்று பார்ப்போம். மாடல் ரயில் இல்லாதவர்களும் படிக்கலாம். சவுண்ட் ஃபைலை வெட்டி ஒட்டுவது, ஒரு சிப்புக்குள் மதிப்புகளை எழுதுவது என்ற இரண்டு வேலைகளும் இதில் வருகின்றன. இரண்டும் வேறு இடங்களிலும் பயன்படும்.

ஒரு சின்ன விளக்கம். ரயில் பெட்டிகளை இழுக்கும் வண்டியையும் எஞ்சின் என்கிறோம், அதற்குள் எரியும் டீசல் மோட்டாரையும் எஞ்சின் என்கிறோம். குழப்பம் வராமலிருக்க, இந்தப் பாடத்தில் வண்டியை 'லோகோ' என்றும், உள்ளே இருப்பதை 'டீசல் எஞ்சின்' என்றும் எழுதுகிறேன்.

டி.சி.சி. என்றால் என்ன?

பழைய மாடல் ரயிலில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டினால் லோகோ வேகமாக ஓடும், குறைத்தால் நிற்கும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு லோகோ இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தனித்தனியாக ஓட்ட முடியாது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்', சுருக்கமாக டி.சி.சி. ஜெர்மனியைச் சேர்ந்த லென்ஸ் நிறுவனத்தின் நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. இதை 1990களில் ஒரு பொதுத் தரமாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்திலேயே 0, 1 என்ற கட்டளைகளும் கலந்து போகும். ஒவ்வொரு லோகோவுக்குள்ளும் 'டிகோடர்' என்ற சிறிய சர்க்யூட் போர்டு இருக்கும். 'மூன்றாம் எண் லோகோவே, ஹாரன் அடி' என்று கட்டளை போனால், மூன்றாம் எண் டிகோடர் மட்டும் அதைக் கேட்டு நடக்கும். ஒரே தெருவில் பத்து வீடு இருந்தாலும் கதவு எண் பார்த்துத் தபால் போடுவது போல.

சாதாரண டிகோடர் மோட்டாரையும் விளக்கையும் மட்டும் கவனிக்கும். 'சவுண்ட் டிகோடர்' என்பதில் கூடுதலாக மெமரியும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் இருக்கும். அதில் நாம் ஏற்றிய சவுண்ட் ஃபைல்கள் லோகோவின் வேகத்துக்குத் தகுந்தபடி ஒலிக்கும்.

எந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுப்பது?

பலர் தடுமாறும் இடம் இதுதான். டிகோடர் தயாரிப்பாளர்களின் சவுண்ட் பட்டியல்களில் அமெரிக்க, ஐரோப்பிய லோகோக்களின் பெயர்களே நிறைந்திருக்கும். நம் ஊர் லோகோவின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. அதற்காகக் கைக்கு வந்ததை வாங்கிவிடக் கூடாது. சவுண்ட் டிகோடரின் விலை சில சமயம் லோகோவின் விலைக்கு அருகில் வந்துவிடும்.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. லோகோவின் பெயரைத் தேடாதீர்கள். அதற்குள் இருக்கும் டீசல் எஞ்சினின் பெயரைத் தேடுங்கள்.

எங்கள் ஊர்ப் பாதையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டும் என்றால் அரியலூருக்குத்தான் வர வேண்டும். அரியலூர், விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் கார்டு லைனில் இருக்கிறது. வைகை, பல்லவன் எக்ஸ்பிரஸ்கள் ஓடும் பாதை. சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் இருப்பதால் சரக்கு ரயில்களுக்கும் குறைவில்லை. இந்தப் பாதையில் வெவ்வேறு காலங்களில் ஓடியவற்றில் நான்கு வகைகளைப் பார்ப்போம்.

1. ஒய்.டி.எம்.4: மீட்டர் கேஜ் காலத்து டீசல் லோகோ. 1977-இல் வைகை எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது இந்தப் பாதை மீட்டர் கேஜ்தான். இதன் உள்ளே இருப்பது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த '251' வகை, 6 சிலிண்டர் டீசல் எஞ்சின். அலாஸ்காவில் ஓடும் ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரயில்வே 1969-இல் வாங்கிய 'டி.எல்.535' லோகோக்களும் இதே குடும்பம்தான். பனிமலையில் ஓடிய லோகோவின் சவுண்ட் ஃபைல் நம் வைகைக்குப் பொருந்தும் என்பது வேடிக்கையாக இல்லையா?

2. டபிள்யூ.டி.எம்.2: 1962-இல் அமெரிக்காவிலிருந்து முதலில் வந்தது. 1964 முதல் வாரணாசி டீசல் லோகோ தொழிற்சாலையில் தயாரானது. 2600 குதிரைத் திறன். உள்ளே ஆல்கோ 251, ஆனால் 16 சிலிண்டர். அமெரிக்கப் பட்டியலில் ஆல்கோவின் 'சி-424', 'சி-425' என்ற பெயர்களைத் தேடுங்கள். அவற்றிலும் 16 சிலிண்டர் 251 எஞ்சின்தான்.

3. டபிள்யூ.டி.ஜி.4: அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஈ.எம்.டி. பிரிவிலிருந்து வந்த நுட்பம். 4000 குதிரைத் திறன். உள்ளே 16 சிலிண்டர் '710' எஞ்சின். பட்டியலில் 'எஸ்.டி.70' வகைகளின் சவுண்ட் ஃபைல் இதற்குப் பொருந்தும்.

4. டபிள்யூ.ஏ.பி.7: இது மின்சார லோகோ. கார்டு லைன் மின்மயமாகிவிட்டதால் இன்று அரியலூரில் அதிகம் காண்பது மின்சார லோகோக்களைத்தான். இதில் டீசல் எஞ்சின் சத்தம் கிடையாது. மின்விசிறி போன்ற ப்ளோயரின் இரைச்சலும், கிளம்பும்போது வரும் மின் கருவிகளின் ரீங்காரமும்தான் இதன் குரல்.

ஆல்கோவும் ஈ.எம்.டி.யும் ஏன் வேறாக ஒலிக்கின்றன?

இரண்டிலும் 16 சிலிண்டர். ஆனால் ஆல்கோ 251 நான்கு ஸ்ட்ரோக், ஈ.எம்.டி. 710 இரண்டு ஸ்ட்ரோக். பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளையும் புல்லட்டையும் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

கணக்காகவும் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். 16 சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 8 வெடிப்பு. டபிள்யூ.டி.எம்.2 நின்றுகொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றும். 400-ஐ 8-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால், வினாடிக்கு சுமார் 53 வெடிப்பு. முழு வேகமான 1000 சுற்றில் சுமார் 133.

இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சிலிண்டரும் வெடிக்கும். ஆகவே 16 வெடிப்பு. 710 எஞ்சின் முழு வேகத்தில் சுமார் 900 சுற்று சுற்றும்போது வினாடிக்கு சுமார் 240. அதனால்தான் ஆல்கோ 'தட தட' என்று அதிர்கிறது, ஈ.எம்.டி. ஒரே சீராக முழங்குகிறது. ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் போட்டால், ரயிலைப் பற்றி அறிந்தவர் காதில் உடனே இடிக்கும்.

ஹாரன் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்

டீசல் எஞ்சின் சத்தத்தை வெளிநாட்டு ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஹாரனை எடுக்க முடியாது. அமெரிக்க ஹாரனில் பொதுவாக மூன்று அல்லது ஐந்து சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். நம் லோகோவில் இருப்பது இரட்டை ஹாரன். அடிக்கும் முறையும் வேறு. அமெரிக்காவில் லெவல் கிராசிங் வந்தால் நீளம், நீளம், குட்டை, நீளம் என்று அடிப்பார்கள். நம் ஊரில் 'டபிள்யூ/எல்' என்று எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டினால் நீளமாக ஒரே மூச்சில் அடிப்பார்கள். அமெரிக்க லோகோக்களில் மணியும் உண்டு. நம் லோகோவில் மணி கிடையாது.

என் மாமா ஓய்வு பெற்ற லோகோ பைலட். பெரம்பலூரில் இருக்கிறார். சி-424 ஃபைலில் எதையும் மாற்றாமல், பெயரும் சொல்லாமல் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஐடிலுக்கு வந்ததும் வலது கை தானாக எதையோ பிடிப்பது போல நீண்டது. ஹாரன் அடித்ததும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"மாப்ளே, எஞ்சின் நம்மளுது. ஹாரன் யாரோடது?" என்றார்.

இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. உங்கள் பக்கத்திலும் ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். டிகோடருக்குப் பணம் கட்டும் முன், தயாரிப்பாளர் தளத்தில் உள்ள மாதிரி ஒலியை டவுன்லோட் செய்து அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

ஹாரனைப் பதிவு செய்வது

செல்போனே போதும். ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

* ரெக்கார்டிங் ஆப்பின் செட்டிங்ஸில் 'வேவ்' ஃபார்மெட்டைத் தேர்ந்தெடுங்கள். எம்.பி.3 வேண்டாம், அது ஃபைலின் தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும். திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டிய சத்தத்தில் அது விக்கல் போலக் கேட்கும்.
* சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் 'ஆட்டோ கெயின்' வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.
* மைக்கின் மேல் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு வைத்தால் காற்றின் இரைச்சல் குறையும்.
* தண்டவாளத்துக்குள்ளோ ரயில்வே எல்லைக்குள்ளோ போகாதீர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். லெவல் கிராசிங்குக்கு வெளியே, சாலை ஓரத்தில் நின்றாலே ஹாரன் நன்றாகக் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் வெட்டுவது

இதற்கு 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். இன்ஸ்டால் செய்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்து உங்கள் பதிவைத் திறங்கள். அலை வடிவில் சத்தம் திரையில் தெரியும்.

ஹாரனை மூன்று துண்டாக வெட்ட வேண்டும். தொடக்கம், நடு, முடிவு. பட்டனை அழுத்தும்போது தொடக்கம் ஒரு முறை ஒலிக்கும். அழுத்தியபடி இருக்கும் வரை நடுப்பகுதி சுற்றிச் சுற்றி ஒலிக்கும். கையை எடுத்ததும் முடிவு ஒலிக்கும். நாம் விரும்பும் நீளத்துக்கு ஹாரன் அடிக்க முடிவது இதனால்தான்.

நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் கீபோர்டில் இசட் கீயைத் தட்டுங்கள். தேர்வின் இரு முனைகளும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். இப்படி வெட்டினால் இணைப்பில் 'டிக்' என்ற சத்தம் வராது. லூப் முறையில் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். சத்தம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று காதுக்குத் தெரியாவிட்டால் வெட்டு சரி.

அடுத்து எஃபெக்ட் மெனுவில் 'ஹை-பாஸ் ஃபில்டர்'. லோகோவுக்குள் வைக்கும் ஸ்பீக்கர் கட்டைவிரல் நகத்தின் அளவுதான். மேலே பார்த்த 53 ஹெர்ட்ஸ் சத்தத்தை அதனால் தர முடியாது, முயன்றால் கரகரக்கும். சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் மீதி தெளிவாகக் கேட்கும். அடிப்படைச் சத்தம் போனாலும் அதன் மடங்குகளான மேல் ஒலிகளை வைத்து, நம் காது அதை ஆல்கோ என்றே உணரும்.

கடைசியாக ஒரே சேனலாக, அதாவது மோனோவாக மாற்றி, 16 பிட் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

டிகோடருக்குள் ஏற்றுவது

இங்கே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவார்கள்.

ஒன்று, சவுண்ட் ஃபைலையே ஏற்றுவது. கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்வது போல. இதற்கு அந்தந்த நிறுவனத்தின் கருவி வேண்டும். உதாரணமாக ஜெர்மனியின் ஈ.எஸ்.யு. நிறுவனத்தின் 'லோக்சவுண்ட்' டிகோடருக்கு 'லோக்புரோகிராமர்' என்ற பெட்டி. இதற்கான சாஃப்ட்வேர் விண்டோஸில் ஓடும். வெளிநாட்டு லோகோவின் புராஜெக்ட் ஃபைலைத் திறந்து, ஹாரனுக்கான இடத்தில் நம் மூன்று துண்டுகளையும் வைத்து, டிகோடருக்கு எழுத வேண்டும். கருவியை வாங்கும் முன், உங்கள் டிகோடர் புது சத்தத்தை ஏற்கும் வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில டிகோடர்களில் சத்தம் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு, செட்டிங்ஸை மாற்றுவது. விண்டோஸின் கன்ட்ரோல் பேனல் போல. டிகோடரில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு எண் உண்டு. அதை சி.வி. என்பார்கள். ஒவ்வொரு சி.வி.யிலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பை எழுதலாம். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை, எந்த டி.சி.சி. கன்ட்ரோலரும் போதும். கன்ட்ரோலரை வாங்க வசதியில்லாதவர்கள், 'ஆர்டுயினோ மெகா' போர்டிலும் மோட்டார் ஷீல்டிலும் இயங்கும் 'டி.சி.சி.-இ.எக்ஸ்' என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டர் பக்கம் 'ஜே.எம்.ஆர்.ஐ.' என்ற இலவச சாஃப்ட்வேரில் உள்ள 'டிகோடர் புரோ' இந்த வேலையைச் செய்யும்.

டிகோடர் புரோவில் செய்ய வேண்டியவை:

1. ஒரு அடி நீளத் தண்டவாளத்தைத் தனியாக வைத்து, கன்ட்ரோலரின் புரோகிராமிங் முனைகளோடு இணையுங்கள். அதன் மேல் ஒரே ஒரு லோகோவை மட்டும் வையுங்கள்.
2. 'நியூ லோகோ' பட்டனை க்ளிக் செய்யுங்கள்.
3. 'ரீட் டைப் ஃப்ரம் டிகோடர்' பட்டனை க்ளிக் செய்யுங்கள். சாஃப்ட்வேர் சி.வி. 8-ஐப் படித்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்கும். 151 என்று வந்தால் ஈ.எஸ்.யு., 145 என்றால் ஸீமோ, 129 என்றால் டிஜிட்ராக்ஸ்.
4. புரோகிராமர் விண்டோவைத் திறந்து, எல்லா மதிப்புகளையும் முதலில் படித்து சேவ் செய்யுங்கள். பிறகு எதை மாற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எதை மாற்றுவது?

முகவரி: சி.வி. 1-இல் 1 முதல் 127 வரை எழுதலாம். லோகோவின் பக்கவாட்டில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையே முகவரியாக வைத்தால் நினைவில் நிற்கும். அதற்கு சி.வி. 17, 18 இரண்டும் வேண்டும். 8115 என்று வைத்துக்கொள்வோம். அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 31, மீதி 179. ஈவோடு 192-ஐக் கூட்டினால் 223. இதை சி.வி. 17-இல் எழுதுங்கள். மீதி 179-ஐ சி.வி. 18-இல் எழுதுங்கள். பிறகு சி.வி. 29-இல் 34 எழுதுங்கள். இதில் 2 என்பது 28 அல்லது 128 படி வேகத்துக்கு, 32 என்பது நீண்ட முகவரிக்கு. டிகோடர் புரோவில் 8115 என்று டைப் செய்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்.

எடை: சி.வி. 3 கிளம்பும் வேகம், சி.வி. 4 நிற்கும் வேகம். மதிப்பைக் கூட்டக் கூட்ட லோகோ மெதுவாகக் கிளம்பும். சிமெண்ட் ஏற்றிய சரக்கு ரயில் என்றால் சி.வி. 3-ஐ நன்றாகக் கூட்டுங்கள். டீசல் எஞ்சின் முதலில் முழங்கி, லோகோ பிறகுதான் நகர வேண்டும். சத்தம் நிஜமாகத் தோன்றுவதற்கு ஃபைலைவிட இந்த ஒரு செட்டிங் அதிகம் உதவும்.

ஒலி அளவு: லோக்சவுண்ட் 5 வகையில் சி.வி. 63. அதில் 0 முதல் 192 வரை எழுதலாம். தொழிற்சாலையில் 180 வைத்து அனுப்புவார்கள். வீட்டு அறைக்கு 70 போதும். மூன்று லோகோ ஒன்றாக ஓடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

மணி: அமெரிக்க ஃபைல்களில் பெரும்பாலும் எஃப்1 பட்டனில் மணி, எஃப்2-இல் ஹாரன் இருக்கும். எஃப்1-இல் மணியை எடுத்துவிட்டு வேறு சத்தம் வைக்கலாம்.

எல்லாம் குழம்பிவிட்டால் ஈ.எஸ்.யு. டிகோடரில் சி.வி. 8-இல் 8 என்று எழுதுங்கள். செட்டிங்ஸ் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்கள் ஏற்றிய சத்தம் அழியாது.

ஸ்பீக்கர் எச்சரிக்கை

டிகோடரின் குறிப்புத் தாளில் எத்தனை ஓம் ஸ்பீக்கர் என்று போட்டிருக்கும். பழைய லோக்சவுண்ட் 3.5 வகைக்கு 100 ஓம் வேண்டும்; அதில் 4 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் எரிந்துவிடும். ஸ்பீக்கரின் பின்பக்கத்தைச் சிறு பிளாஸ்டிக் டப்பியால் காற்றுப் புகாமல் மூடுங்கள். மூடாவிட்டால் பின்னால் வரும் ஒலி முன்னால் வரும் ஒலியை அடித்துவிடும். முன்பு சொன்ன 70 கூட அப்போது போதாது.

ஒரிஜினலை அழிக்காதீர்கள்

வெட்டிய ஃபைல் தயாரானதும், செல்போனில் இடம் வேண்டும் என்று மூலப் பதிவை அழித்துவிடுவோம். அதைச் செய்யாதீர்கள். தேதி, இடம், லோகோ எண் மூன்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதி, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு காப்பி வையுங்கள். டிகோடர் எரிந்தால் வேறு வாங்கலாம். மாடலைக் கூட விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாம். ஆனால் டீசல் லோகோக்கள் குறைந்துவரும் இந்தக் காலத்தில், அரியலூர் கேட்டில் ஆல்கோ அடித்த ஹாரன் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் விலைக்கு வராது. உங்கள் ஊர்ப் பாதையில் டீசல் லோகோ இன்னும் வருகிறது என்றால், டிகோடர் வாங்கப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள்.